யார் கணக்கிலும் வராத நாட்கள்

(குற்றவியல் நீதி நிர்வாகம் பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



'குற்றவியல் நீதி அமைப்புகளில் நிர்வாகம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நிர்வாகம் என்றதும் காலிப் பணியிடம், பயிற்சி, நிதி ஒதுக்கீடு, வாகன வசதி என்று பேசுவது வழக்கம். அவை எல்லாமே வேண்டியவைதான். ஆனால் எனக்குக் கிடைத்திருக்கும் இந்த ஒரு மணி நேரத்தை ஒரே ஒரு கருத்துக்குச் செலவிட விரும்புகிறேன். காவல் நிலையம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மேலதிகாரி இருக்கிறார். நீதிமன்றத்தைப் பார்க்க உயர் நீதிமன்றம் இருக்கிறது. சிறையைப் பார்க்கத் தனித் துறையே இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு மனிதரும் அவரைப் பற்றிய காகிதங்களும் கைமாறுகிற இடத்தைப் பார்க்க மட்டும் ஆளில்லை. நம் நாட்டில் நீதியின் பெயரால் நடந்த பெரிய அநியாயங்களில் பல அந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

ருதுல் ஷா வழக்கை மாணவர்கள் படித்திருப்பீர்கள். பீகாரில் முசாபர்பூர் அமர்வு நீதிமன்றம் அவரை 1968 ஜூன் 3 அன்று விடுதலை செய்தது. அவர் சிறையை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபர் 16 அன்று. பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல். அவர் மனநலம் சரியில்லாதவர், அதனால்தான் வைத்திருந்தோம் என்று அரசு சொன்னது. அதற்கு உருப்படியான ஆதாரம் எதையும் காட்ட முடியவில்லை. 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடாக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. சட்ட வகுப்பில் இந்த வழக்கை இழப்பீட்டுக்காகப் படிக்கிறோம். நிர்வாகம் படிப்பவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அந்தச் சிறைக்குக் கண்காணிப்பாளர்கள் மாறி மாறி வந்திருப்பார்கள். மாவட்ட நீதிபதிகள் வந்து பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார்கள். ஆண்டுதோறும் கைதிகளை எண்ணி அறிக்கை அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு கணக்கிலும் அவர் ஒரு தலையாக இருந்திருக்கிறார். அவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று கேட்பது யாருடைய வேலையாக இருந்தது?

1. பிரித்ததில் தவறில்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தத் துறைகளையெல்லாம் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தால் சிக்கல் தீரும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நம் மண்ணின் வரலாற்றைப் படிக்கவேண்டும். ஒரே தலைமை இங்கே இருந்தது. 1816 ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். கலெக்டரே மாஜிஸ்திரேட்டு. நிலவரி கட்ட முடியாத குடியானவரைத் தாலுகாக் கச்சேரி சேவகர்கள் கட்டிப்போட்டால், அதைப் பற்றிய புகாரும் அதே கச்சேரிக்குத்தான் போகவேண்டும். 1854-இல் அமைக்கப்பட்டு 1855-இல் அறிக்கை தந்த சித்திரவதை விசாரணை ஆணையத்தின் முன் மக்கள் வந்து சொன்னவை இன்றும் படிக்க முடியாதபடி கொடுமையானவை. விரல்களைப் பலகைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டியும், உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

அதன் விளைவுகளில் ஒன்றுதான் 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். போலீஸ், வருவாய்த் துறையின் கையிலிருந்து பிரிந்து, இன்ஸ்பெக்டர் ஜெனரலின் கீழ் தனி அமைப்பானது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 1861 இந்தியப் போலீஸ் சட்டம் அந்த வழியில்தான் போனது. பிறகும் பிரிவினைகள் தொடர்ந்தன. 1894 சிறைகள் சட்டம் சிறைகளுக்குத் தனித் தலைமை கொடுத்தது. அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவர்களை உயர் நீதிமன்றத்தின் கீழ் வைத்தது. அரசு வழக்கு நடத்துபவர் போலீசின் ஆளாக இருக்கக்கூடாது என்பதும் சட்டமானது. ஒவ்வொரு பிரிவினையும் குடிமக்களுக்கு ஒரு பாதுகாப்பு. அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நடுவே வேலி போட்டவர்கள், வேலியிலிருக்கும் வாசலை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைக்கவில்லை.

2. விடுவிப்பதில் இருக்கிற பயம்

பிணை உத்தரவு ஒன்று மாலையில் சிறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற உதவியாளர் முதலில் பெயர் பார்க்கிறார். ரிமாண்ட் வாரண்டில் 'முத்துக்குமார்' என்றும் உத்தரவில் 'முத்து' என்றும் இருக்கிறது. தகப்பனார் பெயர் பார்க்கிறார். குற்ற எண், சட்டப் பிரிவு, நீதிமன்ற முத்திரை பார்க்கிறார். இவர்மேல் வேறு வழக்கு இருக்கிறதா, வேறு ஊர் நீதிமன்றம் இவரைக் கொண்டுவரச் சொல்லும் பி.டி. வாரண்ட் வந்திருக்கிறதா என்று பதிவேட்டைப் புரட்டுகிறார். அதற்குள் லாக்-அப் நேரம் வந்துவிடுகிறது. எங்கோ ஓர் எழுத்து பொருந்தவில்லை என்றால் அவர் செய்வது ஒன்றே ஒன்று: காகிதத்தைத் திருப்பி அனுப்புவது.

இவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விடக்கூடாத ஒருவரை விட்டுவிட்டால் அவருக்கு அன்று இரவே விளக்கக் கடிதம் வரும், மறுநாள் பணியிடை நீக்கம் வரும். விடவேண்டிய ஒருவரை இருபது நாள் கூடுதலாக வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு பக்கத் தவறுக்கு மட்டும் தண்டனை உள்ள எந்த அலுவலகத்திலும் ஊழியர்கள் மறுபக்கத்துத் தவறைத்தான் செய்வார்கள். நல்லவர்களும் செய்வார்கள். சிறை நிர்வாகத்தைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் இதைவிட முக்கியமான உண்மை எனக்குத் தெரியவில்லை.

2021 ஜூலையில் ஆக்ராவில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். குற்றம் நடந்த காலத்தில் சிறார்களாக இருந்த 13 கைதிகளுக்கு உச்ச நீதிமன்றம் ஜூலை 8 அன்று பிணை கொடுத்தது. உத்தரவின் சான்றுபெற்ற நகல் தபாலில் வரவில்லை என்று சிறை அவர்களை உடனே விடவில்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் சொல் தபால்பையில் காத்திருந்தது. நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. 2022 மார்ச் 31 அன்று 'ஃபாஸ்டர்' என்ற மின்னணு வழி தொடங்கியது. அதற்கு முன்பு மும்பை ஆர்தர் சாலைச் சிறையில் வாசலில் ஒரு பிணைப்பெட்டி இருந்ததையும், குறித்த நேரத்தில் அதைத் திறக்கும்போது உள்ளே இல்லாத உத்தரவுக்கு மறுநாள்தான் என்பதையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

மின்னணு வழி வந்த பிறகு? காசியாபாத் சிறையில் இருந்த ஒருவருக்கு 2025 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. விசாரணை நீதிமன்றம் மே 27 அன்று விடுவிப்பு ஆணையும் அனுப்பியது. சட்டப் பிரிவின் ஓர் உட்பிரிவு எண் உத்தரவில் விடுபட்டிருக்கிறது என்று சிறை அவரை விடவில்லை. அவர் வெளியே வந்தது ஜூன் 24 அன்று. மறுநாள் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசை 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காகிதம் நொடியில் போய்விட்டது. அதைப் படித்துப் பொறுப்பேற்க வேண்டியவரின் பயம் 1968-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

3. நான்கு வாசல், நான்கு கையெழுத்து

சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட இருவரின் மரணத்தைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தத் தலைப்பில் யாரும் பேச முடியாது. அங்கே இரவெல்லாம் அடித்தவர்கள் யார், எவ்வளவு குற்றம் என்பது நீதிமன்றத்தின் விஷயம். நான் பேசப்போவது அடிக்காதவர்களைப் பற்றி.

கள ஆய்வுக்காகக் காவல் நிலையங்களில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் அதிகம் கற்றது நிலைய எழுத்தரின் மேசையருகே. ஒருவரை ரிமாண்டுக்கு அனுப்பும்போது அவர் ஒரு கட்டு தயாரிப்பார். முதல் தகவல் அறிக்கை நகல், கைது குறிப்பாணை, உறவினருக்குத் தகவல் சொன்ன குறிப்பு, மருத்துவப் பரிசோதனைக்கான மெமோ, ரிமாண்ட் அறிக்கை. எல்லாவற்றிலும் கையெழுத்து இடவேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துவிடுவார். கூடப்போகிற காவலர் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் போதும். டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் கைதானவர்களுக்காக உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த பாதுகாப்புகளில் பல அந்தக் கட்டுக்குள் இருக்கின்றன. ஒரு மனிதரின் உயிரைக் காக்கவென்று எழுதப்பட்ட கேள்விகள், கையெழுத்து வாங்கவேண்டிய இடங்களாக மாறிவிட்டிருந்தன.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று ஒரு தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனை அவர்கள் சிறைக்குப் போகத் தகுதியானவர்கள் என்று சான்று கொடுத்தது. நீதித்துறை நடுவர் ரிமாண்ட் செய்தார். நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. 22-ஆம் தேதி மகனும் 23-ஆம் தேதி தந்தையும் இறந்தார்கள். நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை என்று நான்கு வாசல்கள். ஏதாவது ஒன்றில் யாராவது ஒருவர், 'இவரை இந்த நிலையில் நான் வாங்கமாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சட்டம் அந்த அதிகாரத்தை அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தது. முன்னவர் பார்த்திருப்பார் என்று பின்னவர் நம்புவதும், பின்னவர் பார்த்துக்கொள்வார் என்று முன்னவர் நினைப்பதும் அந்த நான்கு இடங்களிலும் நடந்தது.

பின்னர் விசாரித்த நீதித்துறை நடுவரின் அறிக்கையில் ஒரு வரி உண்டு. நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவுக்கு ஒரு டெராபைட் வன்தட்டு இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேமரா வாங்கியாகிவிட்டது, பொருத்தியாகிவிட்டது, பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று நிலையத்துக்கு வெளியிலிருந்து கேட்கிற ஆள் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கவேண்டும் என்றும், மேற்பார்வைக்கு மாநிலத்திலும் மாவட்டத்திலும் குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது.

அதே ஆண்டு ஜூன் 29 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொடுத்த உத்தரவையும் நினைத்துப் பாருங்கள். சாட்சியம் அழிந்துவிடக்கூடாது என்பதற்காகச் சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது. 1859-இல் வருவாய்த் துறையின் கொடுமையிலிருந்து மக்களைக் காப்பதற்காகப் பிரித்தெடுத்த போலீசை, 161 ஆண்டுகள் கழித்து ஒரு நிலையத்தில் வருவாய்த் துறை அதிகாரிகளிடமே ஒப்படைக்க வேண்டிவந்தது. அவசரத்துக்கு அது சரியான உத்தரவுதான். ஆனால் அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதே, வாசலைப் பார்க்க ஆளில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சாட்சி.

இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரியையும் சொல்லவேண்டும். 2014 ஜூலையில் அர்னேஷ்குமார் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதற்கான காரணங்களை அதிகாரி பட்டியலிட்டு நடுவரிடம் கொடுக்கவேண்டும். நடுவர் அதைப் படித்துத் தன் திருப்தியை எழுதிய பிறகே காவலில் வைக்க அனுமதிக்கவேண்டும். கொடுப்பவர் தவறினால் துறை நடவடிக்கை, நீதிமன்ற அவமதிப்பு. வாங்குபவர் காரணம் எழுதாமல் அனுமதித்தால் அவர்மேலும் உயர் நீதிமன்றத்தின் துறை நடவடிக்கை. கைமாறும் இடத்தில் நிற்கிற இருவர் பெயரிலும் பொறுப்பை எழுதிவைத்த ஆணை அது. சட்ட மாணவர்கள் அதைக் கைது பற்றிய தீர்ப்பாகப் படியுங்கள். நிர்வாக மாணவர்கள் வடிவமைப்புக்காகப் படிக்கவேண்டும்.

4. கடமை ஓரிடம், தகவல் ஓரிடம்

2022 டிசம்பர் 31 நிலவரப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இடமோ 4,36,266 பேருக்குத்தான். இந்த நெரிசலுக்குச் சிறைத்துறையைக் கேட்பதில் பொருளில்லை. யார் உள்ளே வரவேண்டும் என்பதைப் போலீசும் நடுவரும் முடிவு செய்கிறார்கள். யார் எப்போது வெளியே போகவேண்டும் என்பதை நீதிமன்றம் முடிவு செய்கிறது. வழக்கு நாளன்று கூட்டிப்போக வழிக்காவல் கொடுப்பது ஆயுதப்படை. அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் வாய்தா தள்ளிப்போகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு நல்ல நோக்கம் கொண்டது. மரணதண்டனையோ ஆயுள்தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், உச்ச தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதிக்குப் பிணை. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத முதன்முறையாளராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு உடனே எழுதவேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது.

கண்காணிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இவர் முதன்முறையா? அது போலீசுக்குத் தெரியும். குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவுகள் நின்றன, எவை விழுந்தன? அது நீதிமன்றத்துக்குத் தெரியும். வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த வழக்கு வேறு மாவட்டத்தில் இருக்கலாம். கண்காணிப்பாளர் கையில் இருப்பது ரிமாண்ட் வாரண்டில் முதல் நாள் எழுதப்பட்ட பிரிவுகள் மட்டும். கடமையை ஓர் அலுவலகத்துக்கும் அதைச் செய்யத் தேவையான தகவலை மூன்று அலுவலகங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், அந்தக் கடமை தாளில்தான் இருக்கும். பழைய சட்டத்தில் இதையொத்த 436-ஏ பிரிவு 2006 முதல் இருந்தது. அதன் பலன் உரியவர்களில் பலரை எட்டாமல் போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

5. ஏழையின் ஜாமீன்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. உடன்பிறந்தவர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரத்தில் விடச் சொன்னார். இன்றும் ஜாமீன்தாரர்கள் வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, சொத்து மதிப்புச் சான்று என்று தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே வேலையை விட்டு அலைகிறார்கள். இது இன்னொரு வாசல். இங்கே வருவாய்த் துறையும் வந்து சேர்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நாட்கணக்கு வைத்தது. பிணை கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்லவேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தர முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். இடைவெளியை நாட்களாக எண்ணிய உத்தரவு என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

6. கணினி பற்றி ஒரு சொல்

போலீசின் குற்றத் தகவல் வலைப்பின்னல், மின்னணு நீதிமன்றம், மின்னணுச் சிறை எல்லாவற்றையும் இணைக்கும் திட்டம் நடக்கிறது. வரவேற்கிறேன். பெயர் ஒற்றுமை, வழக்கு எண், நிலுவை வழக்குகள் போன்றவற்றில் அது பெரிய உதவி. ஆனால் இரண்டு கணினிகள் பேசிக்கொண்டாலும், கிடைத்த தகவலை வைத்து என்ன செய்யவேண்டும், செய்யாவிட்டால் யார் பதில் சொல்லவேண்டும் என்பதை மனிதர்கள்தான் எழுதிவைக்க முடியும்.

7. எல்லோரும் உட்காரும் ஒரே மேசை

அப்படியானால் வாசலை யாரிடம் கொடுப்பது? புதிய ஆணையம் வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. மாவட்டத்தில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்காரும் மேசை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை பற்றிய வழக்கில் 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வகுத்த விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு அது. முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். பிறகு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் சிறைக் கண்காணிப்பாளரும் சேர்க்கப்பட்டார்கள். நீதி, வருவாய், போலீஸ், சட்ட உதவி, சிறை என ஐவர். யாரும் யாருக்கும் கீழ்ப்பட்டவர் ஆகாமல், துறைகளின் சுதந்திரம் குலையாமல், ஒரே பட்டியலைப் பார்க்கும் இடம் இதைத் தவிர மாவட்டத்தில் வேறில்லை.

இந்தக் குழு இப்போது தகுதியுள்ள கைதிகளின் பெயர்களைப் பரிசீலித்து நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறது. அதோடு நில்லாமல், கைமாறும் இடங்களின் கணக்கையும் இது வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் வேண்டுகோள். வேலூரில் 1979 முதல் சிறை நிர்வாகத்துக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் நடக்கும் மாநிலம் இது. 1936-லேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. இதைச் செய்து பார்க்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

செய்யவேண்டியது பெரிதல்ல. குழுவின் முன் வைக்கப்படும் பட்டியலில் ஒவ்வொரு கைதிக்கும் இன்னும் சில பத்திகள் சேர்க்கவேண்டும். உத்தரவு கையெழுத்தான தேதி. அது சிறைக்கு வந்த தேதி. அவர் வெளியே போன தேதி. உத்தரவு திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் காரணமும் திருப்பியவரின் பதவியும். ரிமாண்டில் உடல்நிலை பார்த்துச் சான்று தந்த மருத்துவரின் பெயரும், சிறையில் சேர்த்துக்கொண்டபோது உடலில் இருந்த காயங்களை எழுதிய அலுவலரின் பெயரும் பக்கத்துப் பத்திகளில். 479-ஆம் பிரிவுக்கான தகவலைப் போலீசும் நீதிமன்ற அலுவலகமும் கண்காணிப்பாளருக்குக் கொடுத்த தேதி. நல்லெண்ணத்தோடு விடுவித்த ஊழியர் ஓர் எழுத்துப் பிழைக்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்ற எழுத்துமூலமான உறுதியும், காரணமில்லாமல் வைத்திருந்த நாட்களுக்கு விளக்கம் கேட்கும் கடிதமும் இதே மேசையிலிருந்து போகவேண்டும்.

இங்கே வந்திருக்கும் நீதித்துறை அதிகாரிகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்குப் பட்டியல் கேட்டு உங்கள் அலுவலகம் கடிதம் எழுதும்போது, இந்தப் பத்திகளையும் சேர்த்துக் கேளுங்கள். உத்தரவுக்கும் விடுதலைக்கும் நடுவே ஏழு நாளுக்கு மேல் போன ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த நாட்களில் காகிதம் யாரிடம் இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். தலைவரின் கையெழுத்து போதும்.